எஃகும் சோர்வடையும்
(சூட்டில் உழைக்கும் பற்றவைப்பு மூட்டுகளைப் பற்றி ஒரு பாடம்)



உங்கள் கூந்தலில் செருகியிருக்கும் கொண்டை ஊசி ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரு முனைகளையும் பிடித்து எவ்வளவு பலமாக இழுத்தாலும் அது அறுந்து போகாது. ஆனால் அதே ஊசியை ஒரே இடத்தில் இப்படியும் அப்படியுமாக மாற்றி மாற்றி வளைத்துப் பாருங்கள். பத்துப் பதினைந்து தடவைக்குள் அது பட்டென்று முறிந்துவிடும். முறிந்த இடத்தைத் தொட்டால் சற்றே சூடாகவும் இருக்கும். முழுப் பலத்துக்கும் அசையாத இரும்பு, சிறு விசைக்கு ஏன் பணிந்தது? விசை சிறியதுதான், ஆனால் அது திரும்பத் திரும்ப வந்தது. இவ்வாறு மீண்டும் மீண்டும் வரும் சுமையால் உலோகம் வலுவிழந்து முறிவதையே அறிவியலார் 'உலோகச் சோர்வு' என்கிறார்கள்.

ஓர் உலோகத்துண்டு முறிந்தால் என்ன பெரிய நட்டம் என்று நீங்கள் கேட்கலாம். அந்தத் துண்டு கொண்டை ஊசியாக இருக்கும்வரை நட்டமில்லை. அது ஒரு புகைவண்டியின் அச்சாகவோ, மின் நிலையத்து நீராவிக் குழாயாகவோ, கல்பாக்கத்து அணுஉலையின் ஒரு மூட்டாகவோ இருந்தால் பல உயிர்கள் அதை நம்பி நிற்கின்றன. ஆகவே இந்தப் பாடம் நாம் எல்லாரும் அறிந்துகொள்ள வேண்டியதொன்று.

சோர்வைக் கண்டறிந்த வரலாறு

1842ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், பிரான்சு நாட்டில் வெர்சேயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு புகைவண்டியின் முன் இஞ்சினில் அச்சு முறிந்தது. பின்னால் வந்த பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்தன. பெட்டிக் கதவுகள் வெளிப்புறம் பூட்டப்பட்டிருந்தமையால் பயணிகள் தப்ப இயலவில்லை. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அச்சு செய்த இரும்பில் குறையில்லை. அது சுமக்க வேண்டிய எடையும் மிகையில்லை. பின் ஏன் முறிந்தது?

இவ்வினாவுக்கு முறையான விடை கண்டவர் ஜெர்மானிய இரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர். 1850களிலும் 1860களிலும் அவர் அச்சுகளைச் சுழலவிட்டு வளைக்கும் பொறிகளைச் செய்து, ஆண்டுக்கணக்கில் சோதனை நடத்தினார். சக்கரம் ஒருமுறை சுழலும்போது அச்சின் ஒரு பக்கம் ஒருமுறை இழுபடுகிறது, ஒருமுறை அமுக்கப்படுகிறது. வண்டி ஒரு மைல் ஓடினால் நூற்றுக்கணக்கான தடவை இது நிகழும். ஒரே இழுப்பில் அச்சை முறிக்கத் தேவைப்படும் தகைவில் பாதிக்கும் குறைவான தகைவே, பல இலட்சம் முறை வந்தால் அதை முறித்துவிடும் என்று வோலர் காட்டினார். தகைவைக் குறைக்கக் குறைக்க அச்சு தாங்கும் சுற்றுகளின் எண்ணிக்கை பெருகுவதையும் காட்டினார். இன்றும் பொறியியல் மாணவர்கள் அவ்வுறவை வரைபடமாகப் படிக்கிறார்கள்.

உள்ளே நிகழ்வது யாது? எஃகு நம் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், நுண்ணோக்கியில் பார்த்தால் எண்ணற்ற படிக மணிகள் நெருங்கிக் கிடப்பது தெரியும். மாறி மாறி வரும் சுமையில் இம்மணிகளுக்குள் அணு அடுக்குகள் சற்றே வழுக்குகின்றன. வழுக்கியவை முற்றிலும் பழைய இடத்துக்கே திரும்புவதில்லை. அதனால் மேற்பரப்பில் மிக நுண்ணிய மேடுபள்ளம் உண்டாகிறது. பள்ளம் ஒன்று கீறலாகிறது. கீறல் ஒவ்வொரு சுற்றுக்கும் இம்மியளவு உள்ளே நகர்கிறது. மீதியிருக்கும் உலோகம் சுமையைத் தாங்கமாட்டாத ஒரு நாளில் முழுவதும் பிளந்துவிடுகிறது. இவ்வாறு முறிந்த முகத்தில் வரிவரியாகக் கோடுகள் காணப்படுவதுண்டு. தாமிரபரணியில் வெள்ளம் வடியும்போது படித்துறைச் சுவரில் ஒன்றன்கீழ் ஒன்றாக நீர்க்கோடுகள் பதிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? ஏறத்தாழ அது போலத்தான். நீர்க்கோட்டைக் கண்டு வெள்ளம் எங்கெங்கே நின்றது என்று நாம் சொல்வதுபோல, இக்கோடுகளைக் கண்டு கீறல் எங்கே தொடங்கி எங்கெங்கே தங்கி வளர்ந்தது என்று வல்லுநர் சொல்லிவிடுவர்.

சூடு சேர்ந்தால்

கோடை விடுமுறையின்போது சிற்றாலயத்தில் ஏற்றாமலே விடப்பட்ட மெழுகுவர்த்தி, சில நாளில் தன் எடையாலேயே தலைசாய்ந்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். யாரும் அதை வளைக்கவில்லை. சூடும் காலமும் சேர்ந்து வளைத்தன. மாறாத சிறு சுமையில், சூட்டில், பொருள் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போவதற்கு 'ஊர்வு' என்று பெயர். அட்டை ஊர்வதுபோல அது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நடப்பதால் இப்பெயர் பொருத்தமே.

எஃகும் இப்படி ஊருமா? ஊரும். உருகுநிலையைக் கெல்வின் அளவில் எழுதி, அதில் பத்தில் நான்கு பங்கைத் தாண்டினால் உலோகங்களில் ஊர்வு கவனிக்கத்தக்க அளவுக்கு வரும் என்பது பொதுவான கணக்கு. இரும்பு 1538 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. கெல்வினில் அது 1811. அதில் பத்தில் நான்கு 724 கெல்வின், அதாவது சுமார் 450 டிகிரி செல்சியஸ். கொல்லன் உலையில் இரும்பு மங்கலாகச் சிவக்கத் தொடங்கும் முன்னரே இந்நிலை வந்துவிடுகிறது. அனல் மின் நிலையத்தில் நீராவி சுமார் 540 டிகிரியில் பாய்கிறது. ஆகவே அக்குழாய்கள் இரவும் பகலும் ஊர்ந்துகொண்டேயிருக்கின்றன.

ஊர்வு நீடித்தால் படிக மணிகளின் எல்லைகளில் நுண்ணிய குழிகள் தோன்றுகின்றன. அவை ஒன்றோடொன்று கூடிக் கீறலாகின்றன. சோர்வினால் கீறல் மேற்பரப்பிலிருந்து உள்ளே வருகிறது. ஊர்வினால் குழிகள் உள்ளிருந்தே பிறக்கின்றன. இரண்டும் சந்தித்துக்கொண்டால் ஆயுள் மளமளவென்று குறைகிறது. இவை போதாவென்று, சூட்டில் காற்றிலுள்ள ஆக்சிஜன் எஃகின் மேல் கரும்பாசி போன்ற ஆக்சைடுப் படலத்தை உண்டாக்குகிறது. அப்படலம் வெடிக்கும் இடங்களிலெல்லாம் புதுக் கீறல் தொடங்க வழி கிடைக்கிறது.

மூட்டு ஏன் மெலிந்தது?

நம் ஊரில் தெருவுக்குத் தெரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னிருந்து ஒருவர் இரு இரும்புத் துண்டுகளை ஒன்றாக்குவதை வேடிக்கை பார்க்காத சிறுமி இல்லை. (வெறுங்கண்ணால் அவ்வொளியைப் பார்க்கக்கூடாது என்பதை இங்கேயும் சொல்லி வைக்கிறேன்.) மின் பொறியின் சூட்டில் இரு துண்டுகளின் விளிம்பும் இடையில் ஊற்றிய உலோகமும் உருகிக் கலந்து, ஆறி இறுகுகின்றன. பார்வைக்கு ஒன்றாகிவிட்ட அம்மூட்டில் உண்மையில் மூன்று பகுதிகள் உண்டு. நடுவில் உருகி உறைந்த பற்றுலோகம். இருபுறமும், உருகாமல் ஆனால் கடுஞ்சூடு பட்டுத் தன் பதம் மாறிப்போன ஒரு மெல்லிய பட்டை. அதற்கப்பால் ஆதி எஃகு. இம்மூன்றும் ஒரே வலிமையுடையவை அல்ல.

மூட்டு மெலிவதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, வடிவம். பற்றவைத்த இடத்தின் ஓரத்தில் சிறு படியோ பள்ளமோ இருக்கும். ஆற்றில் பாறை இருக்குமிடத்தில் நீரோட்டம் நெருங்கிச் சுழிப்பதுபோல, அவ்வோரத்தில் தகைவு குவிகிறது. உள்ளே காற்றுக் குமிழோ கசடோ சிக்கியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

இரண்டாவது, உள்ளடங்கிய தகைவு. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்க முயல்கிறது; சுற்றியுள்ள குளிர்ந்த எஃகு விடுவதில்லை. ஆகவே வெளிச்சுமை ஏதும் வருமுன்பே மூட்டு இழுபட்ட நிலையில் நிற்கிறது.

மூன்றாவது, பதம். வெப்பம் தாக்கிய பட்டையில் ஓரிடத்தில் மணிகள் பருத்திருக்கும். மற்றோரிடத்தில் மிக நுண்ணியவையாகி மென்மைப்பட்டிருக்கும். குரோமியம் கலந்த கொதிகலன் எஃகுகளில், ஆண்டுகள் பல கழித்து, இந்த மென்மையான பட்டையிலேயே விரிசல் விழுவது வழக்கம். பற்றுலோகத்தில் அல்ல, அதன் பக்கத்தில்! குடும்பத்தில் சண்டையிட்ட இருவரைக் காட்டிலும் நடுவில் நின்றவர் நொந்துபோவதில்லையா? அது போலத்தான்.

இதன் விளைவு எவ்வளவு கொடியது என்பதற்கு ஒரு சான்று. 1980ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் மாலையில், வடகடலில் அலெக்சாண்டர் கீலாண்டு என்னும் மிதக்கும் மேடை கவிழ்ந்தது. எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்வோர் தங்கும் இடம் அது. 123 பேர் இறந்தனர். ஒலி உணரும் கருவியொன்றைத் தாங்குவதற்காக ஒரு குறுக்குக் குழாயில் பற்றவைத்த சிறிய பொருத்தில் தொடங்கிய சோர்வுக் கீறலே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அலைகள் அக்கீறலை நாளும் வளர்த்தன. கடல் குளிர்ந்ததுதான், அங்கே ஊர்வு இல்லை. குளிரிலேயே இப்படியென்றால், 550 டிகிரி சூட்டில் நிற்கும் மூட்டை எவ்வளவு கவனமாகச் செய்யவேண்டும்!

கல்பாக்கத்தில் நடக்கும் சோதனை

இவ்வாராய்ச்சி நம் நாட்டில் சிறப்பாக நடக்கும் இடம், சென்னைக்குத் தெற்கே கடற்கரையிலுள்ள கல்பாக்கம். 1971இல் உலை ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி, 1985இல் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் பெற்ற நிலையம் அது. 1992 முதல் 2000 வரை அதன் இயக்குநராயிருந்த பிளாசிட் ரோட்ரிக்ஸ் உலோகவியல் அறிஞர். அங்கே 1985 அக்டோபரில் சிறிய வேக ஈனுலை இயங்கத் தொடங்கியது. அதையடுத்து, 500 மெகாவாட் திறனுடைய முன்மாதிரி வேக ஈனுலையின் கட்டுமானம் 2004இல் தொடங்கிற்று. அதன் கருவகத்தை நிரப்பும் பணி 2024 மார்ச்சு 4ஆம் நாள் தொடங்கியது.

நம் மாவட்டத்துக் கூடங்குளம் உலையில் சூட்டை எடுத்துச் செல்வது தண்ணீர்; அது சுமார் 320 டிகிரியில், பெரும் அழுத்தத்தில் ஓடுகிறது. கல்பாக்கம் ஈனுலையில் அவ்வேலையைச் செய்வது உருகிய சோடியம். அது 98 டிகிரியில் உருகி 883 டிகிரியில் கொதிப்பதால், அழுத்தமின்றியே சுமார் 547 டிகிரிச் சூட்டைச் சுமந்து வருகிறது. அழுத்தம் இல்லாததால் பாத்திரங்களும் குழாய்களும் மெல்லிய சுவருடன் இருக்கலாம். ஆனால் சோடியம் வெப்பத்தை மிக விரைவாகக் கடத்தும். உலையைத் திடீரென நிறுத்தினால் சோடியத்தின் சூடு சில நொடிகளில் சரிகிறது. எஃகின் மேற்பரப்பு உடனே குளிர்ந்து சுருங்குகிறது. உட்புறம் இன்னும் சூடாக விரிந்தே நிற்கிறது. சுடுபாத்திரத்தைத் தண்ணீரில் அமிழ்த்தியது போன்ற இந்த இழுபறியே ஒரு சோர்வுச் சுற்று. நிறுத்தங்களுக்கிடையே மாதக்கணக்கில் உலை ஓடும்போது ஊர்வு நடக்கிறது. ஆக, ஊர்வும் சோர்வும் கைகோத்து வரும் இடம் இது.

இதற்காகவே கல்பாக்கத்து ஆய்வாளர்கள் பற்றவைத்த தகடுகளிலிருந்து, மூட்டு நடுவில் வருமாறு சிறு உருளைகளைக் கடைந்தெடுக்கிறார்கள். அதைப் பொறியில் பொருத்தி, சுற்றிலும் உலை வைத்து, 550 அல்லது 600 டிகிரிக்குச் சூடாக்கி, இழுத்தும் அமுக்கியும் எத்தனை சுற்றில் முறிகிறது என்று எண்ணுகிறார்கள். 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு 0.6 மில்லிமீட்டர் இழுப்பு, அதே அளவு அமுக்கம் என்று கொள்வோம். நொடிக்கு 0.3 விழுக்காடு வேகத்தில் ஒரு சுற்றுக்கு 8 நொடி ஆகும். ஆயிரம் சுற்று இரண்டேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் இழுத்த நிலையில் பத்து நிமிடம் நிறுத்தி வைத்தால்? அதே ஆயிரம் சுற்றுக்கு ஏழு நாள் ஆகும். அந்நிறுத்தத்தில் ஊர்வு புகுந்து கொள்வதால் தாங்கும் சுற்றுகளின் எண்ணிக்கை குறைந்துபோகிறது. சோதனைகள் ஏன் ஆண்டுக்கணக்கில் நீள்கின்றன என்பது இப்போது விளங்கும்.

சோதனைகள் சொன்ன செய்திகள் சில வியப்பானவை. பொதுவாக மூட்டின் ஆயுள் ஆதி எஃகின் ஆயுளைவிடக் குறைவு. உலைக்கலத்துக்குரிய 316 எல்.என். என்னும் துருப்பிடிக்காத எஃகு, முதலில் சில சுற்றுகளுக்கு இறுகி வலுக்கிறது. நீராவி உண்டாக்கும் கலத்துக்குரிய 9 விழுக்காடு குரோமிய எஃகோ தொடக்கத்திலிருந்தே இளகிக்கொண்டு போகிறது. முன்னதற்கு இழுத்த நிலையில் நிறுத்துவது அதிகக் கேடு. பின்னதற்கு அமுக்கிய நிலையில் நிறுத்துவதே அதிகக் கேடு என்று கண்டிருக்கிறார்கள். ஆக்சைடுப் படலம் பின்னதில் பெரும்பங்கு வகிக்கிறது. காற்றில்லாத சோடியத்துக்குள்ளேயே வைத்துச் சோதித்தால் ஆயுள் கூடுகிறது என்பதும் இதை உறுதிப்படுத்துகிறது.

இரு எஃகுகளும் சந்திக்கும் இடத்தில் மற்றொரு சிக்கல். 500 டிகிரி சூடேறினால் துருப்பிடிக்காத எஃகில் ஒரு மீட்டர் நீளம் சுமார் 9 மில்லிமீட்டர் விரியும். குரோமிய எஃகில் சுமார் 6 மில்லிமீட்டரே. இவ்விரண்டையும் நேராகப் பற்றவைத்தால், ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் மூட்டு இருபுறமும் இழுபடும். எனவே இரண்டுக்கும் நடுத்தரமாக விரியும் நிக்கல் உலோகக்கலவைத் துண்டொன்றை இடையில் வைத்து மூன்றடுக்கு மூட்டாக்குகிறார்கள். மனம் ஒவ்வாத இருவருக்கு நடுவே இருவருக்கும் வேண்டியவரை அமர்த்துவது போன்ற ஏற்பாடு!

நீராவிக் கலத்தில் மெல்லிய குழாய்ச் சுவரின் ஒருபுறம் சோடியம், மறுபுறம் சுமார் 170 வளிமண்டல அழுத்தத்தில் தண்ணீர். சோடியமும் தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை வேதியியல் வகுப்பில் படித்திருக்கிறீர்கள். ஹைட்ரஜன் வெளிவந்து தீப்பற்றும். இங்கிலாந்து அரசு ஸ்காட்லாந்தில் டூன்ரேயில் நடத்திய வேக உலையில், குழாயும் குழாய்த் தகடும் சேரும் மூட்டுகளில் கசிவுகள் ஏற்பட்டு நீண்ட காலம் தொல்லை கொடுத்தன. அதனால் கல்பாக்கத்தில் எட்டுக் கலங்களிலும், கலத்துக்கு 547 குழாய்களையும், ஒவ்வொன்றும் 23 மீட்டர் நீளமாக இடையில் ஒட்டே இல்லாமல் அமைத்தார்கள். குழாய்களின் இரு முனைகளில் மட்டுமே 8,752 மூட்டுகள். நடுவில் ஒவ்வோர் ஒட்டு வைத்திருந்தால் இன்னும் 4,376 மூட்டுகள் கூடியிருக்கும். செய்யாமல் விட்ட மூட்டு ஒருநாளும் முறியாது அல்லவா?

ஜப்பானின் பாடம்

1995ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானின் மோஞ்சு வேக உலையில், சூடான சோடியம் ஓடும் குழாயினுள் நீட்டிக்கொண்டிருந்த வெப்பமானி உறை முறிந்தது. சோடிய ஓட்டத்தில் அது இடைவிடாமல் அதிர்ந்து சோர்ந்துபோயிற்று. உறையின் பருத்த பகுதி மெலிந்த பகுதியாக மாறும் இடம் வளைவாக இல்லாமல் கூர்மையான படியாக இருந்ததே தவறு. சுமார் 640 கிலோகிராம் சோடியம் கசிந்து எரிந்தது. ஒருவருக்கும் உயிர்ச்சேதமில்லை. ஆனால் உலை 2010 வரை மூடிக்கிடந்தது. 2016இல் அதனை அடியோடு கைவிட முடிவு செய்தனர். ஒரு விரலளவு உறையில் ஒரு கூர்மூலை ஒரு நாட்டின் பெருந்திட்டத்தையே முடக்கியது.

நம் காற்றும் நம் கொதிகலனும்

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். தூத்துக்குடியில் 1979இல் அனல் மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. பின்னர் 210 மெகாவாட் அலகுகள் ஐந்து அமைந்தன. இத்தகைய நிலையங்களுக்கு வேண்டிய கொதிகலன்களைத் திருச்சியிலுள்ள பாரத மிகுமின் நிறுவனம் செய்கிறது. பற்றவைப்பு ஆராய்ச்சிக்கென்றே 1975இல் அங்கே ஒரு நிறுவனமும் தொடங்கப்பட்டது. ஒரு கொதிகலனுக்குள் ஆயிரக்கணக்கான மூட்டுகள் உண்டு. அவற்றை வடிவமைத்தவர்கள், கொதிகலன் இரவும் பகலும் ஒரே சீராக ஓடும் என்று எண்ணியே கணக்கிட்டார்கள். ஊர்வுதான் அவர்கள் கண்ட முதற்பகை.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும், முப்பந்தலிலும், கயத்தாற்றிலும், பணகுடியிலும் எங்கு பார்த்தாலும் காற்றாலைகள். தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அக்காலத்தில் காற்று மின்சாரம் பெருகும்போது அனல் நிலையம் தன் உற்பத்தியைக் குறைக்கவேண்டும். காற்று நின்றாலோ, மாலையில் சூரிய மின்சாரம் மறைந்தாலோ மறுபடி விரைந்து கூட்டவேண்டும். இதற்கென்றே மத்திய மின்சார ஆணையம் 2023இல் விதிகள் வகுத்து, நிலக்கரி அலகுகள் படிப்படியாகத் தம் திறனில் 40 விழுக்காடு வரை இறங்கி ஓடவேண்டும் என்று பணித்தது.

நிலக்கரி எரிப்பது குறைவது நன்மையே, அதில் ஐயமில்லை. ஆனால் ஒவ்வொரு ஏற்றமும் இறக்கமும் தடித்த நீராவிக் குழாய்களுக்கும் மூட்டுகளுக்கும் ஒரு சோர்வுச் சுற்று. ஊர்வுக்கென்று கணக்கிட்ட பழைய மூட்டுகள் இப்போது சோர்வையும் சுமக்கின்றன. அதனால் அவற்றை முன்பைவிட அடிக்கடி பரிசோதிக்க வேண்டியிருக்கிறது. அதில் சிக்கனம் பார்த்தால், வெடிக்கும் குழாயருகே நிற்பவர் நம் ஊர்த் தொழிலாளியாகத்தான் இருப்பார்.

ஒரு சிறு கணக்கு

சேதத்தை எப்படிக் கூட்டுவது? எளிய முறையொன்று உண்டு. ஒரு மூட்டு தாங்கக்கூடிய சுற்றுகளில் எத்தனை பங்கு செலவாயிற்று என்று பார்த்து, அப்பங்குகளைக் கூட்ட வேண்டும். பாடத்துக்காக எண்களை நாமே வைத்துக்கொள்வோம்.

ஒரு மூட்டு, முழுவதும் ஆறி மீண்டும் சூடேறும் பெரிய சுற்று 5,000 தாங்கும். சிறிய சுற்று 50,000 தாங்கும். ஆண்டுக்குப் பெரிய சுற்று 50, சிறிய சுற்று 300 வருகின்றன. அப்படியானால் ஓராண்டுச் சோர்வுச் சேதம் 50/5,000 + 300/50,000 = 0.01 + 0.006 = 0.016. கூட்டுத்தொகை 1 ஆகும்போது முறிவு என்றால் ஆயுள் 62 ஆண்டுக்கு மேல்.

இப்போது ஊர்வையும் சேருங்கள். அச்சூட்டில் அம்மூட்டு 2,00,000 மணி நேரம் தாங்கும். ஆண்டுக்கு 6,000 மணி நேரம் ஓடுகிறது. ஊர்வுச் சேதம் 0.03. இரண்டும் கூடி 0.046. ஆயுள் 22 ஆண்டுக்கும் குறைவு! ஊர்வும் சோர்வும் ஒன்றையொன்று தூண்டுவதால், பொறியாளர்கள் 1 என்ற எல்லைவரை போக விடுவதில்லை. எல்லை 0.6 என்று கொண்டால் ஆயுள் 13 ஆண்டுகளே. தனித்தனியே பார்த்தால் அஞ்சத் தேவையில்லாத இரண்டு சேதங்கள் சேர்ந்தபோது கணக்கு எப்படி மாறிவிட்டது பார்த்தீர்களா?

காக்கும் வழிகள்

1. கூடியவரை மூட்டுகளைக் குறைப்பது. தவிர்க்க முடியாத மூட்டை அதிகத் தகைவு வராத இடத்தில் வைப்பது.
2. பற்றின் ஓரத்தைத் தேய்த்து வழவழப்பாக்குவது, கூர்மூலைகளை வளைவாக்குவது.
3. பற்றவைத்தபின் சூட்டுப்பதம் செய்வது. 9 விழுக்காடு குரோமிய எஃகு மூட்டைச் சுமார் 760 டிகிரியில் வைத்து மெல்ல ஆறவிட்டால் உள்ளடங்கிய தகைவு தணிகிறது, பதமும் சீராகிறது.
4. எக்ஸ்ரே, புறஒலி ஆகியவற்றால் ஒவ்வொரு மூட்டையும் உள்ளே பார்ப்பது. ஓடத் தொடங்கிய பின்னும் காலமுறைப்படி பார்ப்பது.
5. சூடேற்றுவதிலும் ஆற்றுவதிலும் அவசரப்படாமலிருப்பது.

இவற்றுள் முதல் மூன்றும் செய்பவரின் திறமை. நான்காவது பார்ப்பவரின் நேர்மை. ஐந்தாவது இயக்குபவரின் பொறுமை. பார்க்காமலே 'பார்த்தேன்' என்று கையெழுத்திடும் ஒருவர் இருந்தால் மற்ற நான்கும் வீண்.

முடிவாக

தாமிரபரணிக் கரைக்கும் இரும்புக்கும் உறவு இன்று நேற்றல்ல. ஆதிச்சநல்லூரில் இரும்புக் கருவிகள் கிடைத்தன. சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. நான்காம் ஆயிரமாண்டுவரை செல்வதாக 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட ஆய்வறிக்கை கூறுகிறது. இரும்பை அடித்து உருவாக்கிய அம்முன்னோரின் வழிவந்தவர்கள் நாம். இரும்பின் உள்ளே நடப்பதை அறியும் வேலை நமக்கு விடப்பட்டிருக்கிறது. அது ஆண்கள் மட்டுமே செய்யும் வேலையென்று எண்ணாதீர்கள். கோலத்தில் ஒரு புள்ளி பிசகினாலும் கண்டுபிடிக்கும் கண்ணும், பூத்தையலில் மணிக்கணக்கில் நிலைக்கும் கையும் உள்ளவர்களுக்கு நுண்ணோக்கியின் முன் அமர்ந்து ஒரு கீறலைத் தேடுவது இயலாத காரியமன்று.

நம் பள்ளியில் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளை மே முதல் நாள் கொண்டாடுகிறோம். அவர் தச்சுப் பட்டறையில் செய்த மூட்டுகள் மரத்தால் ஆனவை. யாரும் பார்க்காத உட்புறத்தையும் அவர் செம்மையாகவே செய்திருப்பார் என்று நாம் நம்புகிறோம். இன்று மாலை வீட்டில் விளக்கின் விசையைத் தட்டும்போது, அந்த ஒளி நம்மிடம் வந்து சேர எத்தனை மூட்டுகள் சூட்டில் நின்று தாங்குகின்றன என்று ஒரு நொடி எண்ணிப் பாருங்கள். அவற்றைச் செய்தவர்களுக்கும் காவல் காப்பவர்களுக்கும் ஒரு செபம் சொல்லுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. கொண்டை ஊசி வளைத்த இடத்தில் சூடானது ஏன்? அச்சூடு எங்கிருந்து வந்தது?
2. ஈயத்தின் உருகுநிலை 327 டிகிரி செல்சியஸ். ஈயம் அறைவெப்பநிலையிலேயே ஊருமா? கெல்வின் அளவில் கணக்கிட்டுக் கூறுக.
3. மேலே தந்த கணக்கில், காற்று மின்சாரம் பெருகியதால் சிறிய சுற்றுகள் ஆண்டுக்கு 300இலிருந்து 700 ஆயின. மற்றவை மாறவில்லை, எல்லை 0.6 என்று கொள்க. ஆயுள் எத்தனை ஆண்டு குறையும்?